மாத்திரை மூளைக்குப் போய்ச் சேருகிறதா? வலிப்பு மருந்தும் ஸ்கேனும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

வலிப்பு நோய்க்கான மருந்து மூளைக்குள் நுழைவதையே படமெடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் வெளிநாடுகளில் நடந்துவருகின்றன. இந்த ஸ்கேனையும், மருத்துவமனைகளில் வழக்கமாக எழுதித்தரும் எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன்களையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவது எளிது. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளிலும், இடுக்கியின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, குமுளி பகுதிகளிலும் வசித்து, சிகிச்சைக்கு இரு மாநிலங்களுக்கும் சென்றுவரும் தமிழர்களுக்கு எழக்கூடிய சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

வலிப்பு மருந்து மூளைக்குள் போவதை ஸ்கேனில் பார்க்க முடியும் என்பது உண்மையா?

உண்மை. ஆனால், ஆராய்ச்சி அளவில் மட்டுமே. ஃபெனிடாயின் மருந்தில் கதிரியக்கக் கார்பன் அணுவைச் சேர்த்து, மனித மூளையின் எந்தப் பகுதியில் அது எவ்வளவு சேருகிறது என்று பிரான்ஸ் ஆய்வாளர்கள் 1983-லேயே அளந்து வெளியிட்டனர். நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் உலகில் எங்கும் இது நோயாளிகளுக்கான வழக்கமான பரிசோதனையாகவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தாலே மருந்து போனது தெரியாதா?

தெரியாது. எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும்: தழும்பு, கட்டி, பிறவிக் கோளாறு, சுருங்கிய பகுதி போன்றவை அதில் தெரியும். மில்லிகிராம் கணக்கில் சாப்பிடும் மாத்திரை அதில் தெரிவதில்லை. தலையில் மின்முனைகளைப் பொருத்தி எடுக்கும் இ.இ.ஜி.யும் மூளையின் மின் அலைகளைத்தான் பதிவு செய்கிறது. மருந்தின் அளவை அல்ல.

பிறகு எந்த ஸ்கேனில் தெரியும்?

'பெட்' எனப்படும் பாசிட்ரான் உமிழ்வு ஸ்கேனில். மருந்தின் மூலக்கூறிலோ, மருந்தைப் போல நடந்துகொள்ளும் வேறொரு பொருளிலோ மிகச் சிறிதளவு கதிரியக்க அணுவைச் சேர்த்து நரம்பில் ஊசியாகச் செலுத்துவார்கள். அது மூளையின் எப்பகுதிக்கு, எவ்வளவு வேகத்தில் போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் கருவி பதிவு செய்யும். கணக்கு துல்லியமாக வர, மணிக்கட்டுத் தமனியிலிருந்து அவ்வப்போது ரத்தமும் எடுப்பது உண்டு.

வேளை தவறாமல் சாப்பிடும் மாத்திரை ஏன் மூளைக்குப் போகாமல் இருக்க வேண்டும்?

மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர், உடலின் பிற பகுதிகளில் இருப்பதைவிட நெருக்கமாக அடைக்கப்பட்டது. இதற்கு ரத்த–மூளைத் தடுப்பு என்று பெயர். ரத்தத்தில் செலுத்திய சாயம் மற்ற உறுப்புகளில் ஏறி, மூளையில் மட்டும் ஏறாததை ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1885-ல் கவனித்தார். இந்தச் சுவரில், உள்ளே வரும் வேற்றுப் பொருளைத் திரும்ப ரத்தத்துக்கே தள்ளிவிடும் புரதப் பம்புகளும் உள்ளன. அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது பி-கிளைக்கோபுரோட்டீன்.

அந்தப் பம்புக்கும் வலிப்பு நோய்க்கும் என்ன தொடர்பு?

பி-கிளைக்கோபுரோட்டீன் முதலில் புற்றுநோய் ஆராய்ச்சியில்தான் கவனத்துக்கு வந்தது. மருந்துக்கு மசியாத செல்களில் இது மிகுந்திருப்பது 1976-ல் அறியப்பட்டது. வலிப்பு அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட மூளைத் திசுக்களிலும் இதை உருவாக்கும் மரபணு கூடுதலாகச் செயல்படுவது 1995-ல் வெளியானது. மருந்து ரத்தத்தில் போதிய அளவு இருந்தும், வலிப்பு கிளம்பும் இடத்தில் மட்டும் போதாமல் போகலாம் என்ற கருத்து அங்கிருந்து வலுப்பெற்றது.

அதை உயிருள்ள நோயாளியிடம் படமெடுத்துக் காட்டியது யார்?

பிரிட்டனின் மான்செஸ்டர், லண்டன் ஆய்வாளர்கள் அடங்கிய குழு. அதன் முடிவுகள் 'லான்செட் நியூராலஜி' இதழில் 2013-ல் வெளியாயின. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள 14 பேர், மருந்தில் வலிப்பு நின்றவர்கள் 8 பேர், நோயற்றவர்கள் 13 பேர் இதில் பங்கேற்றனர். பம்பால் எளிதில் வெளியேற்றப்படும் வெராப்பமில் என்ற மருந்தில் கதிரியக்கக் கார்பனைச் சேர்த்துச் செலுத்தியபோது, கட்டுப்படாதவர்களின் மூளையில், காதை ஒட்டிய டெம்போரல் மடலின் சில பகுதிகளுக்குள் அது குறைவாகவே நுழைந்தது.

மொத்தமே 35 பேர்தானே, அதை வைத்து முடிவு கட்டலாமா?

கட்ட முடியாது. பம்பின் செயல்பாடும் கட்டுப்படாத வலிப்பும் சேர்ந்து காணப்படுவதை மட்டுமே இந்த ஆய்வு காட்டியது. பம்பு மிகுந்ததால் வலிப்பு தொடர்கிறதா, அடிக்கடி வரும் வலிப்பால் பம்பு மிகுகிறதா என்பதை இத்தகைய ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலாது. மருந்தின் இலக்கான நரம்பணுவே மாறிப்போயிருக்கலாம் என்பது உள்ளிட்ட வேறு விளக்கங்களும் உள்ளன.

வெராப்பமில் ரத்த அழுத்த மாத்திரையாகக் கடையில் கிடைக்கிறதே, வலிப்பு மாத்திரையுடன் சேர்த்துச் சாப்பிட்டால் பம்பு அடங்காதா?

இதைத் தாமாகச் செய்வது ஆபத்தானது. வெராப்பமில், கல்லீரலில் கார்பமாசிபைன் என்ற வலிப்பு மருந்து சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை நச்சு நிலைக்கு உயர்த்தக்கூடியது. தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் ஏற்படும். இதயத் துடிப்பும் குறையலாம். வலிப்புக்குக் கூடுதல் மருந்தாக இதைக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் உறுதியான பலன் நிரூபணமாகவில்லை.

எல்லா வலிப்பு மருந்தையும் இந்தப் பம்பு வெளியே தள்ளுமா?

இல்லை. ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடால் போன்றவற்றை ஓரளவு தள்ளுவதாக ஆய்வகச் சோதனைகள் கூறுகின்றன. வால்புரோயேட்டை இந்தப் பம்பு தள்ளுவதாகத் தெரியவில்லை. எனவே, ஒரு நோயாளிக்கு எந்த மருந்தும் கேட்காததற்குப் பம்பு ஒன்றையே காரணமாக்க முடியாது.

லெவெடிராசிடம் என்ற வலிப்பு மருந்து பற்றி ஏதாவது ஸ்கேன் ஆய்வு உண்டா?

உண்டு, இந்தத் துறையில் தெளிவான முன்னேற்றம் இதில்தான் எனலாம். லெவெடிராசிடம் மூளையில் எஸ்.வி.2ஏ என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்வது 2004-ல் உறுதியானது. அதே புரதத்தில் ஒட்டும் கதிரியக்கப் பொருளை மனிதர்களிடம் பயன்படுத்திய ஆய்வை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு 2016-ல் வெளியிட்டது. மருந்து செலுத்தப்பட்டதும் அந்தப் பொருள் இடம்பெயர்ந்து வெளியேறும். எவ்வளவு வெளியேறியது என்பதை வைத்து, எத்தனை இடத்தை மருந்து பிடித்தது என்று கணக்கிடலாம்.

கதிரியக்கம் இல்லாமல் அறிய வழியே இல்லையா?

எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டே மூளையின் வேதிப்பொருள்களை அளக்கும் 'ஸ்பெக்ட்ரோஸ்கோபி' என்ற முறை உள்ளது. விகாபட்ரின் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிட்டவர்களின் மூளையில், நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருள் கணிசமாகக் கூடுவதை 1990-களில் யேல் ஆய்வாளர்கள் இம்முறையில் காட்டினர். இங்கு அளக்கப்படுவது மருந்து அல்ல, மருந்தின் விளைவு.

மருத்துவர் 'பெட் ஸ்கேன்' எழுதிக் கொடுத்திருக்கிறார். அது இதுதானா?

இல்லை. வலிப்பு நோயில் வழக்கமாக எழுதப்படும் பெட் ஸ்கேன், கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸைச் செலுத்தி எடுப்பது. வலிப்பு கிளம்பும் இடம், வலிப்பு வராத நேரத்தில் குளுக்கோஸைக் குறைவாகவே பயன்படுத்தும்; அந்த இடத்தைக் கண்டுபிடித்து அறுவை சிகிச்சையைத் திட்டமிட இது உதவுகிறது. மருந்து மூளைக்குப் போகிறதா என்பதற்கும் இந்த ஸ்கேனுக்கும் தொடர்பில்லை.

மருந்தைத் தொடரும் ஸ்கேனை பாலக்காட்டிலோ மூணாறிலோ வைக்க முடியாதா?

தடையாக இருப்பது கருவியின் விலை மட்டுமல்ல. இந்த ஆய்வுகளில் பயன்படும் கார்பன்-11 ஏறக்குறைய 20 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கொச்சியில் தயாரித்து மூணாறுக்கு 130 கி.மீ. மலைப்பாதையில் 4 மணி நேரத்தில் கொண்டுவந்தால், 12 முறை பாதியாகி, நாலாயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். அதனால் இதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் எந்திரம் ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குளுக்கோஸ் ஸ்கேனுக்கான ஃபுளோரின்-18 பாதியாக 110 நிமிடங்கள் ஆவதால் அதை வெளியூருக்கு அனுப்ப முடிகிறது.

பெட் ஸ்கேனின் கதிர்வீச்சால் ஆபத்து உண்டா?

குளுக்கோஸ் பெட் ஸ்கேனில், செலுத்தப்படும் கதிரியக்கக் குளுக்கோஸால் உடலில் சேரும் கதிர்வீச்சு சுமார் 5 மில்லி சீவர்ட் அளவில் இருக்கும். உடன் எடுக்கும் சி.டி.யால் இது கூடலாம். மண், காற்று, விண்வெளி மூலம் ஒருவருக்கு இயற்கையாகச் சேருவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட். தேவை இருந்தால் எடுக்கலாம், தேவையின்றி எடுக்கக் கூடாது என்பதே விதி.

கர்ப்பிணிகள் எடுக்கலாமா?

பெட் ஸ்கேன் பொதுவாகத் தவிர்க்கப்படும். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலும், தாய்ப்பால் கொடுத்தாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் பயந்து வலிப்பு மாத்திரையை நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் கேடு. வலிப்பு உள்ள பெண்களின் கர்ப்பகால விவரங்களைத் திருவனந்தபுரத்தில் 1998 முதல் ஒரு பதிவேடு தொகுத்து வருகிறது. எந்த மருந்து, எந்த அளவு பாதுகாப்பானது என்பதை அறிய இது உதவுகிறது.

ஸ்கேன் நாளில் மாத்திரை சாப்பிடலாமா?

மருத்துவர் வேறுவிதமாகக் கூறாவிட்டால், வழக்கமான வேளையில் சாப்பிட வேண்டும். குளுக்கோஸ் பெட் ஸ்கேனுக்கு 4 முதல் 6 மணி நேரம் உணவு மட்டும் தவிர்க்கப்படும். தண்ணீருடன் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். கதிரியக்கக் குளுக்கோஸைச் செலுத்தும் நேரத்தில் வலிப்பு வந்தால் முடிவு மாறிவிடும் என்பதால், அன்று காலை வலிப்பு வந்திருந்தால் அதை ஊழியர்களிடம் கூற வேண்டும்.

இங்கேயே செய்யக்கூடிய பரிசோதனை எதுவும் இல்லையா?

ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை உள்ளது. மூளைக்குப் போகும் மருந்து ரத்தத்தின் வழியே போவதால், அது ரத்தத்தில் போதிய அளவு இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கு இதுவே விடை தரும். ஒரு மில்லி லிட்டர் ரத்த நீரில் ஃபெனிடாயின் 10–20 மைக்ரோகிராம், கார்பமாசிபைன் 4–12, வால்புரோயேட் 50–100 என்பவை பொதுவாகக் கொள்ளப்படும் வரம்புகள். ஸ்கேனைத் தேடிப் போவதற்கு முன் இந்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். பல நேரங்களில் இது விடுபட்டுப் போகிறது.

ரத்தம் எப்போது கொடுக்க வேண்டும்?

காலை மாத்திரை சாப்பிடுவதற்குச் சற்று முன். அப்போதுதான் ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நிலை தெரியும். கடைசியாக மாத்திரை சாப்பிட்ட நேரத்தைச் சீட்டில் குறிக்காவிட்டால் முடிவைப் பொருள் கொள்வது கடினம். மருந்தின் அளவை மாற்றியிருந்தால், புதிய அளவு நிலைபெற ஓரிரு வாரங்கள் விட்டு எடுப்பது வழக்கம்.

ரத்தத்தில் அளவு சரியாக இருந்தும் வலிப்பு வருகிறதே?

ஃபெனிடாயினில் ஏறக்குறைய 90% ரத்தப் புரதத்துடன் ஒட்டியே இருக்கும். ஒட்டாத 10% மட்டுமே மூளைக்குள் செல்ல வல்லது. ஊட்டக்குறைவு, கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் காரணமாக ஆல்புமின் புரதம் குறைந்தவர்களுக்கு, மொத்த அளவு சரியான தகவலைத் தராது. வலிப்பின் வகைக்குப் பொருந்தாத மருந்து, தூக்கக் கேடு, மது ஆகியவையும் காரணமாகலாம். சில நேரங்களில் வருவது வலிப்பே அல்ல, மயக்கமாகவோ மன அழுத்தத்தின் வெளிப்பாடாகவோ இருப்பதும் உண்டு. வீடியோவுடன் கூடிய இ.இ.ஜி. இதைப் பிரித்துக் காட்டும்.

ஒரு மாதம் கேரளத்திலும் மறு மாதம் கோவையிலோ தேனியிலோ மாத்திரை வாங்கினால் என்ன?

மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் தயாரிப்பு நிறுவனம் மாறும்போது, உடலில் சேரும் அளவு சற்று மாறலாம். பெரும்பாலான மருந்துகளில் இது பொருட்டல்ல, ஃபெனிடாயினில் பொருட்டு. நாளுக்கு 300 மில்லிகிராமை 400 ஆக்கினால் மருந்து கூடுவது மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் ரத்த அளவு இரட்டிப்பாகவும் கூடும், ஏனெனில் கல்லீரல் அதைச் சிதைக்கும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. அரசு மருத்துவமனை, காருண்யா மருந்தகம், தனியார் கடை என எங்கு வாங்கினாலும், கூடியவரை ஒரே நிறுவனத்தின் மாத்திரையைத் தொடர்வதும், மாறினால் மருத்துவரிடம் தெரிவிப்பதும் அவசியம்.

கேரளச் சீட்டில் 'அபஸ்மாரம்' என்றும், பேச்சில் 'சுழலி' என்றும் சொல்கிறார்களே, அது வேறு நோயா?

இரண்டும் வலிப்பு நோய்க்கான மலையாளச் சொற்களே. நோயும் மருந்தும் ஒன்றுதான்.

வலிப்பு மாத்திரையுடன் ஆயுர்வேத மருந்தும் சாப்பிடலாமா?

இரு மருத்துவர்களுக்கும் தெரியாமல் சாப்பிடக் கூடாது. ஃபெனிடாயினில் வலிப்பு கட்டுக்குள் இருந்தவர்களுக்கு, சங்குபுஷ்பி கலந்த ஒரு தயாரிப்பைச் சாப்பிட்ட பின் கட்டுப்பாடு தவறியதை மும்பை மருத்துவர்கள் கவனித்தனர். பின்னர் எலிகளில் சோதித்தபோது, தொடர்ந்து கொடுத்தால் ரத்தத்தில் ஃபெனிடாயின் குறைவது தெரிந்து, 1992-ல் வெளியிட்டனர். மருந்து மூளையின் வாசலுக்கு வரும் முன்பே குறைந்துபோகும் நேர்வு இது.

எத்தனை மருந்து மாற்றிப் பார்த்த பின் 'கட்டுப்படாத வலிப்பு' என்பார்கள்?

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை, போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால். சர்வதேச வலிப்பு எதிர்ப்பு அமைப்பு 2010-ல் வகுத்த வரையறை இது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் (2000), முதல் மருந்தில் 47% பேருக்கும் இரண்டாவதில் 13% பேருக்கும் வலிப்பு நின்றது. மூன்றாவதில் நின்றது 1% பேருக்கே. ஐந்தாவது, ஆறாவது மருந்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட, மூன்றாவதிலேயே சிறப்பு மையத்துக்குப் போகச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

அத்தகைய மையம் எங்கே இருக்கிறது?

திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் வலிப்பு அறுவை சிகிச்சை 1995-ல் தொடங்கியது, அதன் ஆர்.மாதவன் நாயர் வலிப்பு சிகிச்சை மையம் 1998 முதல் இயங்குகிறது. கொச்சி அமிர்தா மருத்துவமனையிலும் வலிப்புக்குச் சிறப்பு மையம் உண்டு. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் உள்ளது.

அறுவை சிகிச்சையில் பலன் உண்டா?

தகுந்தவர்களுக்கு உண்டு. டெல்லி எய்ம்ஸ், மருந்துக்குக் கட்டுப்படாத 116 சிறாரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில் (2017), ஓராண்டில் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 77% பேருக்கு வலிப்பு நின்றது. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 7% பேருக்கு நின்றது. வலிப்பு கிளம்பும் இடம் தெளிவாகத் தெரிந்து, அதை அகற்றினால் பேச்சு, நினைவு, கைகால் அசைவு பாதிக்காது என்று உறுதியான பின்பே இது செய்யப்படும்.

காப்பீட்டில் செலவு கிடைக்குமா?

கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி, தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீடு ஆகிய இரண்டும் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை, பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கு வழங்குகின்றன. குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநிலத் திட்டமே பொருந்தும். அனுமதிக்கப்படும் சிகிச்சைகளின் பட்டியலை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

'ஆராய்ச்சி ஸ்கேன்' என்று அழைத்தால் போகலாமா? பணம் கட்ட வேண்டுமா?

ஆராய்ச்சிக்காக மட்டும் செய்யப்படும் பரிசோதனைக்குப் பங்கேற்பாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறை. ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தரப்பட வேண்டும். தேவிகுளத்துத் தமிழர் தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். புதிய மருந்து அல்லது சிகிச்சைச் சோதனைகள் என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவானதா என்பதையும் கேட்கலாம். 2009 ஜூன் 15 முதல் அது கட்டாயம்.

குழந்தைகளைச் சேர்க்கலாமா?

பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் மட்டுமே. அதனுடன், 7 முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் 18 வயது வரை எழுத்துச் சம்மதமும் பெற வேண்டும்.

வலிப்பு நிற்காமல் தொடரும்போது மாத்திரை கொடுத்தால் மூளைக்குப் போகுமா?

வாயில் எதையும் கொடுக்கக் கூடாது. புரையேறும் அபாயம் உண்டு, பலனும் உடனே கிடைக்காது. மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும்; மருத்துவர் ஏற்கெனவே எழுதித் தந்திருந்தால் மட்டும் பயன்படுத்தலாம். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசரநிலை. இரு மாநிலங்களிலும் 108-ஐ அழைக்கலாம். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையைத் தேடாமல், முதலில் அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சிறப்பு மையத்துக்குப் போகும்போது என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

இரு மாநிலங்களிலும் எழுதிய பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் காலி அட்டைகள், எம்.ஆர்.ஐ. படமும் அதன் குறுந்தகடும், ரத்த அளவு முடிவுகள். வலிப்பு வந்த தேதிகளை ஒரு நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பது நல்லது. மாத்திரை விடுபட்ட நாள்களையும் மறைக்காமல் அதிலேயே குறிக்க வேண்டும். வலிப்பு வரும்போது வீட்டில் ஒருவர் கைப்பேசியில் எடுத்த வீடியோ, வாய்மொழி விவரிப்பைவிட மருத்துவருக்கு அதிகம் உதவும்.